பேனாக்கத்தியால் முகச்சவரம் செய்ய முடியுமா? தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு கத்தியின் கதை

செல்போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போனால் இப்படி ஒன்று கட்டாயம் வரும். ஒருவர் மடக்குக் கத்தியைக் கல்லில் தீட்டுகிறார். தீட்டி முடித்ததும் முன்கையில் வைத்து லேசாக இழுக்கிறார், முடி உதிர்கிறது. அடுத்த நொடி, சோப்பு நுரை பூசிய கன்னத்தில் அதே கத்தி ஓடுகிறது. முகம் பளபள. பின்னணியில் மாஸ் பி.ஜி.எம்.

பார்க்கிற பையன் சும்மா இருப்பானா? அடுக்களைக் கத்தியையோ, தாத்தாவின் பழைய பேனாக்கத்தியையோ எடுத்துத் தீட்டிப் பார்க்கத்தான் தோன்றும்.

நிஜமாகவே பேனாக்கத்தியால் முகச்சவரம் செய்ய முடியுமா? முடியும். ஆனால் அதற்கு நல்ல இரும்பு வேண்டும், சரியான கோணம் வேண்டும், பழகிய கை வேண்டும். இந்த மூன்றும் அமைந்தாலும் கடைசியாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைத்தான் எந்த ரீல்ஸும் சொல்வதில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆற்றங்கரை இரும்பு

தாமிரபரணியின் தென்கரையில் கல்லிடைக்குறிச்சி, எதிர்க்கரையில் அம்பாசமுத்திரம். கல்லிடைக்குறிச்சி என்றதும் பலருக்கும் அப்பளம்தான் ஞாபகம் வரும். சுற்றிலும் வயலும் வாழையும். தோட்டத்துக்குப் போகிறவர் மடியில் ஒரு சின்ன மடக்குக் கத்தி இருக்கும். வாழையிலை அறுக்க, கயிறு வெட்ட, வெள்ளரிப் பிஞ்சு நறுக்க, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும்.

இந்த ஆற்றுக்கும் இரும்புக்கும் பழைய உறவு. ஆற்றோடு கீழே போனால் ஆதிச்சநல்லூர் வரும். 1876ல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டிப் பார்த்த இடம் அது. பிறகு 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அங்கே அகழாய்வு செய்தபோது தாழிகளோடு ஏராளமான இரும்புப் பொருட்களும் கிடைத்தன. பக்கத்திலுள்ள சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழகத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் அறிவித்தது. கணக்குப் போட்டால் சுமார் 5,300 ஆண்டுகள்.

ஆனால் வெறும் இரும்பு சவரத்துக்கு உதவாது. தேனிரும்பைத் தீட்டினால் கூர் வரும், இரண்டு இழுப்பில் மழுங்கிவிடும். கூர் நிற்க வேண்டுமென்றால் இரும்பில் அளவாகக் கரி சேர்ந்து எஃகாக வேண்டும். காய்ச்சிய எஃகைச் சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்துக் கெட்டிப்படுத்த வேண்டும். தென்னிந்தியாவில் மண் மூசையில் இரும்பையும் கரியையும் வைத்து உருக்கி எடுத்த எஃகு ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. ஐரோப்பியர்கள் அதை ‘வூட்ஸ்’ என்றார்கள். கன்னடத்தின் ‘உக்கு’, தமிழின் ‘உருக்கு’ ஆகிய சொற்களோடு அந்தப் பெயரைத் தொடர்புபடுத்துகிறார்கள்.

இங்கேதான் நம் பேனாக்கத்தி கதைக்குள் வருகிறது. இந்தியாவிலிருந்து லண்டனுக்குப் போன இந்த எஃகை, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவர் அடித்து ஒரு பேனாக்கத்தி செய்து பார்த்தார். அந்தச் சோதனைகளைப் பற்றி 1795ல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை எழுதினார். பின்னாளில் ஸ்டோடார்டோடு சேர்ந்து இந்திய எஃகின் ரகசியத்தைத் தேடியவர் வேறு யாருமில்லை, மின்சார ஆராய்ச்சிக்காக நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் மைக்கேல் ஃபாரடே. அந்த ஆராய்ச்சியில் தானே உருவாக்கிய கலப்பு எஃகில் சவரக்கத்திகள் செய்து, அவற்றை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார் ஃபாரடே.

ஆக, இரும்பு நல்லதாக இருந்தால் பேனாக்கத்தியும் சவரக்கத்தியும் ஒரே குடும்பம்தான். வித்தியாசம் அடுத்த படியில் தொடங்குகிறது.

கோணம்தான் கணக்கு

கத்தியின் விளிம்பு ஓர் ஆப்பு. ஆப்பு தடிமனாக இருந்தால் உடையாது, ஆனால் வெட்டும் இடத்தைப் பிளந்து தள்ளும். மெல்லியதாக இருந்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், ஆனால் சீக்கிரம் உடையும். தேங்காய் வெட்டும் அரிவாளுக்கு ஏன் அவ்வளவு தடிமன் என்பது இப்போது புரியும்.

பேனாக்கத்தியின் விளிம்பில் இரண்டு பக்கமும் சேர்ந்து பொதுவாக 30 முதல் 40 டிகிரி கோணம் இருக்கும். நாவிதரின் சவரக்கத்தியில் அது 17 டிகிரிக்கு அருகில்தான். அதாவது பாதி. சவரக்கத்தியை உற்றுப் பார்த்தால் ஒரு சூட்சுமம் தெரியும். முதுகு தடிமனாகவும் வயிறு குழிந்தும் இருக்கும். கல்லில் படுக்க வைத்தால் முதுகும் விளிம்பும் ஒரே சமயத்தில் கல்லைத் தொடும். எத்தனை முறை தீட்டினாலும் கோணம் மாறாது. பேனாக்கத்தியில் அந்த வசதி இல்லை. கை எவ்வளவு சாய்கிறதோ அதுதான் கோணம்.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதித்துச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் போதாதா? அருவாமனைக்கும் காய்கறிக் கத்திக்கும் போதும். முகத்துக்குப் போதாது. சுழலும் சாணைக்கல் சொரசொரப்பானது. அது விட்டுப்போகும் கூரை உருப்பெருக்கியில் பார்த்தால் ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்கும். முன்கை முடியை அது மழித்துவிடும். தாடையில் வைத்தால் முடியோடு தோலையும் சீவும்.

அதனால்தான் நாவிதர்கள் வழவழப்பான கல்லில் தண்ணீர் தெளித்துப் பொறுமையாகத் தீட்டினார்கள். பிறகு தோல் வாரில் முன்னும் பின்னும் தேய்த்தார்கள். கடைசியாக உள்ளங்கையிலும் ஒரு தேய்ப்பு. கல் கூரை உண்டாக்கும், தோல் அந்தக் கூரின் பிசிறை நீக்கி நேராக்கும்.

இவ்வளவு கூரான எஃகை ஒரு முடி என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்களுக்கும் அதே சந்தேகம் வந்தது. அவர்களில் ஒருவரான ஜியான்லூகா ரோசியோலி, தன் முகத்தையே சவரம் செய்துகொண்டு, ஒவ்வொரு முறையும் பிளேடை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். 2020 ஆகஸ்ட்டில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வந்தது. எஃகைவிட முடி 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் அது எஃகைச் சில்லு சில்லாக உடைக்கிறது. முடி வளைந்து சாய்ந்த நிலையில் விளிம்பில் மோதும்போது, எஃகில் பலவீனமான இடத்தில் சில்லு பெயர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொக்கைகள்தான் நாலாவது சவரத்தில் கன்னத்தை எரியவைக்கின்றன.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. காய்ந்த முடி விறைப்பானது. இரண்டு மூன்று நிமிடம் நன்றாக நனைந்தால் தண்ணீரைக் குடித்து ஊறி மென்மையாகிவிடும். குளித்துவிட்டுச் சவரம் செய்தால் சுகமாக இருப்பது இதனால்தான். எந்தக் கத்தியானாலும் இந்த விதி பொது.

பழகிய கை

கத்தி தயார், முகம் நனைந்துவிட்டது. அடுத்தது கை.

நாவிதர் ஒரு கையால் தோலை இழுத்துப் பிடிப்பார், மறு கையால் கத்தியைச் சாய்த்து ஓட்டுவார். தோல் தளர்ந்திருந்தால் கத்தி மடிப்பில் இறங்கிவிடும். தாடை எலும்பு, உதட்டு ஓரம், தொண்டைக் குழி என்று ஒவ்வோர் இடத்துக்கும் சாய்வு மாறும். கழுத்தில் முடி முளைக்கும் திசையே வேறு. அடுத்தவர் முகத்தில் இதைச் செய்யவே ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும் தன் முகத்தில் தானே செய்வது இன்னும் கஷ்டம். ரீல்ஸில் நாம் பார்ப்பது அரை நிமிடம். அதற்கு முன் அந்தக் கன்னத்தில் எத்தனை கீறல் விழுந்தது என்பது எடிட்டிங்கில் போய்விடும்.

கத்தி பழகிய இந்தக் கைகள் தமிழ்நாட்டில் சவரத்தோடு நின்றதில்லை. கட்டி கீறுவது, புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் அவர்கள் வேலையாக இருந்தது. அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயரும் உண்டு. வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். நாகஸ்வரமும் தவிலும் வாசித்தவர்களும் அவர்களில் உண்டு. இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே 1540 முதல் 1745 வரை முடிதிருத்துவோரும் அறுவை மருத்துவர்களும் ஒரே சங்கமாக இருந்தார்கள். பிரிந்த பிறகு அங்கே அறுவை மருத்துவருக்குக் கௌரவம் கூடிக்கொண்டே போனது. இங்கே மருத்துவம் பார்த்த அதே கையை, சாதியின் பெயரால் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். தொண்டைக் குழியில் கத்தி வைக்க நம்பியவர்கள், அவரைத் திண்ணையைத் தாண்டி உள்ளே விடவில்லை. கூலியாகக் கிடைத்தது அறுவடைக் களத்தில் அளந்த நெல்.

இன்னொரு கொடுமையும் நடந்தது. யாருக்குச் சவரம் செய்யலாம், யாருக்குச் செய்யக் கூடாது என்பதை ஊர் முடிவு செய்தது. தலித் மக்களுக்குக் கத்தி எடுத்தால் மற்றவர்கள் வரமாட்டோம் என்றார்கள். அதனால் அந்த மக்கள் தங்களுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் மழித்துக்கொண்டார்கள், அல்லது யாரென்று தெரியாத டவுனுக்குப் போனார்கள். ரீல்ஸில் சாகசமாகத் தெரிகிற சுயசவரம், பலருக்கு வேறு வழியில்லாமல் வந்த பழக்கம்.

காந்திக்கும் இது நடந்தது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார முடிதிருத்துபவர் ஒருவர் அவருக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார். காந்தி மெஷின் ஒன்றை வாங்கி, கண்ணாடி முன்னால் நின்று தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஓரளவு வந்தது, பின்பக்கம் கோணல். கோர்ட்டில் நண்பர்கள் சிரித்தார்கள். இதைச் சுயசரிதையில் எழுதும்போது அவர் அந்த முடிதிருத்துபவர் மீது கோபப்படவில்லை. தனக்கு வெட்டினால் அவருடைய வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்பதைப் புரிந்துகொண்டார். நம் ஊரில் தீண்டாமையின் பேரில் நாமும் இதைத்தானே செய்கிறோம் என்று தன் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அரசியல் சட்டத்தின் 17வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ல் வந்த சட்டம், இன்று குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் இருப்பது, தீண்டாமையின் பேரில் சேவை மறுப்பதைக் குற்றமாக்கியது. சலூன் நாற்காலியும் அதில் அடக்கம். ஆனாலும் இந்த ஊர் சலூனில் இன்னாருக்கு முடி வெட்ட மறுப்பு என்ற செய்தி தமிழ்நாட்டில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒரு கிண்ணம் தண்ணீர்

சவரத்தை ஒவ்வொருவர் கைக்கும் கொண்டுவந்தது மெல்லிய பிளேடு. கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்க விற்பனையாளர், தீட்டவே வேண்டாத, மழுங்கினால் தூக்கிப்போடும் பிளேடைக் கொண்டுவந்தார். 1903ல் விற்றது வெறும் 51 ரேஸர், 168 பிளேடு. முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு தன் வீரர்களுக்காக வாங்கியது 35 லட்சம் ரேஸர், 3 கோடிக்கும் மேற்பட்ட பிளேடு. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் கையில் ரேஸரும் பழக்கமும் சேர்ந்தே வந்தன. ரேஸரின் தகடு, பிளேடு தோலில் எவ்வளவு படலாம் என்பதைத் தானே கட்டுப்படுத்தும். நாவிதரின் கை செய்த வேலையில் பாதியை அந்தத் தகடு செய்தது.

அதே கம்பெனி இந்தியாவில் ஒரு முறை சறுக்கியது. 2002ல் இந்தியாவுக்காகவே ஒரு ரேஸர் கொண்டுவந்தார்கள். அதைச் சோதித்தது எங்கே? அமெரிக்காவில், எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம். அவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்தியாவில் எடுபடவில்லை. காரணம் தண்ணீர். மாணவர்கள் விடுதியில் குழாயைத் திறந்துவிட்டு ரேஸரைக் கழுவினார்கள். இங்கே பெரும்பாலானவர்கள் ஒரு கிண்ணம் தண்ணீரில் முக்கி முக்கிச் சவரம் செய்கிறவர்கள். பிளேடுகளுக்கு நடுவில் முடி சிக்கிக்கொண்டது.

படித்துறைக் கல்லில் சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, கிண்ணத்தில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு சவரம் செய்கிற ஒருவரைத் தாமிரபரணிக் கரையில் பார்த்திருந்தாலே போதும், விஷயம் விளங்கியிருக்கும். பிறகு இந்திய வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, 2010ல் ஒற்றை பிளேடு ரேஸரை 15 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். கழுவ எளிது, விலையும் குறைவு. அது விற்றது.

கத்தி யாருடையது?

இப்போது அந்தக் கடைசிக் கேள்வி. இரும்பு, கோணம், கை மூன்றும் சரி. அந்தக் கத்தி இதற்கு முன் யார் முகத்தில் பட்டது?

மடக்குக் கத்தி ஒருவர் மடியில் மட்டும் இருப்பதில்லை. வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள். மாங்காய் நறுக்கும், பார்சல் பிரிக்கும், கயிறு அறுக்கும். மடங்கும் மூட்டில் அழுக்கும் ஈரமும் தங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், கிருமி உள்ளே போக.

பெரிய ஆபத்து ரத்தத்தின் வழியே வருவது. மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ், உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்திலும் 7 நாள் வரை உயிரோடு இருக்கும். ஒரே சவரக்கத்தியை அடுத்தடுத்த முகத்துக்குப் பயன்படுத்தினால் பரவும். ஹெபடைடிஸ் சி வைரஸுக்கும் இதே வழி உண்டு. இரண்டும் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து கல்லீரலைக் கெடுக்கக்கூடியவை. வீட்டில் அப்பாவும் மகனும் ஒரே ரேஸரைப் பயன்படுத்தக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது சும்மா இல்லை.

1986ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் வந்த விழிப்புணர்வுப் பிரசாரங்கள் சலூன்களை மாற்றின. சவரக்கத்தியால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் அந்தப் பயம் ஒரு நல்லதைச் செய்தது. தீட்டித் தீட்டிப் பயன்படுத்திய கத்தி மேஜையிலிருந்து இறங்கி, பாதியாக ஒடித்த புது பிளேடைச் செருகும் கத்தி வந்தது. ஹெபடைடிஸிலிருந்தும் அது நம்மைக் காக்கிறது.

சலூனுக்குப் போனால், பிளேடின் உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். முடிந்தபின் தடவும் படிகாரம் ரத்தத்தை நிறுத்தும், கிருமியை ஒழிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பல முகத்தில் தேய்த்த அதே படிகாரக் கட்டியை உங்கள் கீறலில் வைக்கவும் விடாதீர்கள். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம்.

கத்தியைத் தீட்டியே தீருவேன் என்பவர்களுக்கு

கத்தி தீட்டுவது நல்ல கலை. தாராளமாகப் பழகுங்கள். கூர் வந்ததா என்று பார்க்க முகம் தேவையில்லை. ஒரு தாளை நுனியில் பிடித்து வெட்டிப் பாருங்கள். கிழியாமல் வெட்டினால் சரி. பழுத்த தக்காளியின் தோலில் அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். வழுக்காமல் இறங்கினால் அடுக்களைக்கு அதுவே போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், முகத்தில் பரு உள்ள பிள்ளைகள் திறந்த கத்திப் பக்கமே போக வேண்டாம். முதல் முறை மீசை மழிக்கும் மகனுக்கு அப்பாவின் பழைய ரேஸரைக் கொடுக்காமல், அவனுக்கென்று தனியாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். பக்கத்தில் நின்று, தோலை எப்படி இழுத்துப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுங்கள். ரீல்ஸில் கற்பதைவிட அது நல்லது.

பழைய பிளேடை என்ன செய்வது? அமெரிக்காவில் ஒரு காலத்தில் குளியலறை அலமாரியில் சின்னத் துவாரம் வைத்திருந்தார்கள். அதில் போட்டால் பிளேடு சுவருக்குள் விழும், அங்கேயே கிடக்கும். நம் வீட்டில் அது குப்பைப் பையில் விழுகிறது. மறுநாள் காலையில் அந்தப் பையைப் பிரிப்பது தூய்மைப் பணியாளரின் கை. படித்துறையில் விட்டுவந்தால், அடுத்து இறங்குவது செருப்பில்லாத ஒரு கால். மூடியுள்ள காலி டப்பா ஒன்றைக் குளியலறையில் வையுங்கள். பிளேடுகளை அதில் சேருங்கள். நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் ஒட்டி, உள்ளே பிளேடு என்று மேலே எழுதி, குப்பை வாங்க வருபவரிடம் சொல்லிக் கொடுங்கள்.